முப்பத்தோராம் படகு

துறைமுக மேட்டில், உப்புக்காற்று அரித்த ஜன்னலுக்குப் பின்னால் வயர்லெஸ் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஊர் வைத்த பெயர் கூப்பாட்டுக்காரர். இருபத்தாறு வருடமாக மாலை ஐந்து மணிக்கு, கடலில் இருக்கும் படகுகளை எண் சொல்லி ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். அவர் குரலும் வரும் பதிலும் ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்கெல்லாம் கேட்கும். தங்கள் வீட்டுப் படகு பதில் சொல்லும்வரை அடுப்படியில் பெண்களுக்குக் கை ஓடாது.

அவரிடம் பெரிய குணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முன்கோபி. சிடுமூஞ்சி. ஆனால் ஓர் எண்ணைக்கூட விட்டவரில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

பதினோரு மாதமாக முப்பத்தொன்றிடமிருந்து பதில் இல்லை. அதில் தனியாகப் போனவன் அவருடைய ஒரே மகன். தேடப் போனவர்களுக்கு ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அவரோ தினமும் மூன்று முறை அந்த எண்ணைக் கூப்பிட்டு, ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

அன்று மதியம் மருமகள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"மாமா, இன்னைக்கு அவரைக் கூப்பிடாதீங்க."

"அது என் வேலைம்மா."

"நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்குற வரைக்கும் என்னால வாசக்கதவச் சாத்த முடியல மாமா. தினம் அஞ்சு மணிக்கு அவர் ஒரு தடவ சாகுறாரு."

பிசைந்த கவளத்தை அவர் தட்டிலேயே வைத்தார். அவளுக்கு இருபத்துநான்கு வயது.

மணி ஐந்தானது.

"இருபத்தொம்போது?"

"இருக்கோம்ணே. மீனைத்தான் காணோம்!"

"முப்பது?"

"இருக்கேன் சித்தப்பா."

பொத்தானிலிருந்து விரலை எடுத்து, மறுபடி அழுத்தினார்.

"முப்பத்திரெண்டு?"

முப்பத்திரண்டை ஓட்டுபவர் கேட்டார்: "அண்ணே, ஒண்ண விட்டுட்டீங்களே?"

மறந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார், பாவம். கடல் செய்ததை வாயால் சொல்லி முடிக்கும் வேலையும் கடைசியில் பெற்றவருக்கே வந்து சேர்ந்தது.

"விடலப்பா. அந்தப் படகு இல்ல."

வெளியே அவர் குரலே அவருக்குத் திரும்பக் கேட்டது. ஜன்னலுக்கு நேர் கீழேதான் அவர் வீடு. பதினோரு மாதமாகத் திறந்தே கிடந்த வாசல்கதவை மருமகள் சாத்தினாள். தாழ் விழும் சத்தம் மேடுவரை வந்தது.

"முப்பத்திமூணு?" என்றார்.

இனி அந்தக் கதவை அவரும் தட்டித்தான் உள்ளே போக வேண்டும்.