மூக்கு வைத்த கரண்டி

என் கணவர் வாங்கிக் கொடுத்த பொருட்களிலேயே நான் மனதாரப் பாராட்டியது ஒரு தாளிக்கும் கரண்டியைத்தான். புடவை வாங்கினால் நிறம் சரியாக இருக்காது. செருப்பு வாங்கினால் அளவு சரியாக இருக்காது. அந்தக் கரண்டி மட்டும் கைக்கு வாகாக இருந்தது. கனமான இரும்பு, நீளமான பிடி, விளிம்பில் சின்னதாக ஒரு மூக்கு. சூடான எண்ணெயும் கடுகும் அந்த மூக்கு வழியாக ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ரசத்தில் இறங்கும். பழைய கரண்டியின் பிடி ஆடுகிறது, வேறு வாங்கி வாருங்கள் என்று பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அவர் இதைக் கொண்டுவந்து நீட்டியதும், "பரவால்லியே, யோசிச்சு வாங்கியிருக்கீங்களே" என்றேன். அவர் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அவர் லோடு வண்டி ஓட்டுகிறார். எங்கள் மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு போய் ஆலங்காயத்தில் இறக்குவார். திரும்பும்போது கடைகளுக்கான சாமான் ஏற்றி வருவார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்குக் கால் வீட்டில் தரிக்காது. தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு சந்தவாசல் பக்கம் மலையடிவாரத்து ஏரிகளுக்கு விரால் பிடிக்கப் போய்விடுவார். பாதி நாள் வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார். கேட்டால், "தண்ணி கலங்கிக் கீது" என்பார். இல்லையென்றால் காற்று சரியில்லை என்பார். தப்பு ஏரியின் மேல் இருக்கும், மீனின் மேல் இருக்கும், இவர் மேல் மட்டும் இருந்ததே இல்லை.

அப்படி ஒரு நாள் வெறுங்கையோடு வந்து, போனில் வீடியோ பார்க்க உட்கார்ந்தவர்தான் ஜிக் செய்யக் கற்றுக்கொண்டார். ஜிக் என்பது ஒரு பொய்மீன். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தால் ஒரு குட்டித் தலை, பின்னால் வால் மாதிரி சேவல் இறகு. தண்ணீரில் போட்டுக் கம்பை வெடுக் வெடுக்கென்று ஆட்டினால் குஞ்சுமீன் துள்ளுவது போல இருக்குமாம். கடையில் வாங்கினால் பாறையிடுக்கில் மாட்டி அறுந்துபோகும்போது மனசு வலிக்கிறது, நாமே செய்தால் வலிக்காது என்றார். ஆலங்காயத்தில் அவருக்குத் தெரிந்த பஞ்சர் கடையில் கார் சக்கரத்தில் பொருத்துகிற பழைய ஈயத் துண்டுகளை ஒரு டப்பா நிறையக் கொடுத்தார்கள். பொம்மை செய்கிற வெள்ளை மாவைக் குழைத்து இரண்டு பாதியாக அச்சு செய்தார். முள்ளை அச்சுக்குள் படுக்க வைத்து, இரண்டு பாதியையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே உள்ள ஓட்டை வழியாக உருக்கிய ஈயத்தை ஊற்றுவார். ஆறிய பிறகு அச்சைப் பிரித்தால் உள்ளே பளபளவென்று ஒரு தலை உட்கார்ந்திருக்கும். முதல் தலை வந்த அன்று, எங்கள் மகள் பிறந்தபோது காட்டாத பூரிப்பை அதனிடம் காட்டினார். நான் சொல்லியும் காட்டினேன்.

அந்த வேலைக்கு நான் சட்டம் போட்டிருந்தேன். உருக்குவது மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம்தான், நானும் மகளும் அங்கே போக மாட்டோம். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சட்டையை மாற்ற வேண்டும். ஈயம் குழந்தைகளுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வர்ணம் வாங்க ஒடுகத்தூர் போனபோது கடைக்காரர், "புள்ள இருக்கிற வூடு, ஈயம் கலக்காததா வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் கண்டிப்பு.

வர்ணம் பூசுவது மட்டும் வீட்டில் நடக்கும். அதற்கு அவர் பயன்படுத்தியது என் நெயில் பாலிஷ். சீக்கிரம் காயும், தண்ணீரில் கரையாது, பாறையில் பட்டாலும் லேசில் உரியாது என்று காரணம் அடுக்கினார். என் சிவப்புப் பாட்டில் காலியானதும் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய்ப் பச்சை, மஞ்சள், மினுமினுப்பு என்று அவரே வாங்கி வந்தார். மீசை வைத்த ஆள் நெயில் பாலிஷை விரல் நகத்தில் தடவி நிறம் பார்த்ததைக் கடைக்காரப் பெண் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். தலைக்கு முதலில் வெள்ளை, காய்ந்த பிறகு முதுகில் பச்சை, தொண்டையில் சிவப்பு. கண் வைப்பது என் வேலை. அவர் வைத்தால் ஒரு கண் நெற்றிக்கு ஏறிவிடும். ஆணியின் தலையை மஞ்சளில் தொட்டு ஒரு பொட்டு, அது காய்ந்ததும் குண்டூசித் தலையால் நடுவில் கறுப்புப் பொட்டு. ஊசி பிடிக்கிற கை என்பதால் எனக்கு நடுங்காது. கண் வைத்ததும் அந்த ஈயக் கட்டி நம்மைப் பார்க்கும். உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. இறகைச் சுற்றிக் கட்ட என் தையல் நூலையே கொடுத்தேன்.

செய்ததையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிப் பரண்மேல் வைத்தோம். மகள் அதைப் பார்த்து, "மீனு பாப்பா குடு" என்று கை நீட்டுவாள். முள் குத்திவிடுமே, வாயில் வைத்துவிடுவாளே என்று எனக்குப் பயம். பூட்டியிருக்கிறதா என்று தினமும் இழுத்துப் பார்ப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் சோற்றில் நெய் போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவர் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தார். மீன்பிடிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தன்னுடைய பழைய வீடியோவைப் போட்டிருந்தாராம், ஆளாளுக்குக் கை தட்டியிருக்கிறார்களாம். என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீடியோவில் அவர் கை தெரிந்தது, அச்சு தெரிந்தது. நீளப் பிடி போட்ட ஒரு இரும்புக் கரண்டியிலிருந்து ஈயம் வெள்ளியாக வழிந்து அச்சுக்குள் இறங்கியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. விளிம்பில் சின்னதாக ஒரு மூக்கு இருந்தது.

என் கையில் இருந்த கரண்டியில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். மறுபடி போனைப் பார்த்தேன்.

"இது இன்னாது?"

"ஈயம் ஊத்துறேன். சூப்பரா கீது இல்ல?"

"நான் கரண்டியக் கேக்குறேன்."

அவர் முகம் மாறியது. "அது வந்து, உனக்குன்னுதான் வாங்கினேன். நடுவுல கொஞ்ச நாள் அதுல உருக்கிகினு இருந்தேன். அப்புறம் வெல்டிங் பட்டறையில வேற கிண்ணம் செஞ்சு குடுத்துட்டாங்க. இது சும்மாதான கீதுன்னு, புளி போட்டு நல்லாத் தேய்ச்சேன். மண்ணு போட்டும் தேய்ச்சேன். பளபளன்னுதான குடுத்தேன்?"

"இந்த மூக்கு?"

"ஈயம் சிந்தாம ஊத்துறதுக்கு நான்தான் சுத்தியால தட்டி வச்சேன்."

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, தெருவே கேட்கும். அன்றைக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அடுப்பை அணைத்தேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் அவரே பேசினார்.

"பித்தளை அண்டாவுக்கெல்லாம் ஈயம் பூசி அதுலதான சோறாக்குறாங்க? ஒண்ணும் ஆவாதும்மா."

"அது வெள்ளீயம்ங்க. இது காரீயம். பெயின்ட் கடைக்காரர் சொன்னாரே, அந்த ஈயம். உங்க பொண்ணு சோத்துல ஊத்தியிருக்கேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மலையில் எதையும் புளி போட்டுத் தேய்த்தால் சுத்தமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. செம்பு, பித்தளை, சாமி விளக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். அவரும் அப்படித்தான் நம்பியிருக்கிறார், குடும்பத்துக்குக் கெடுதல் செய்கிற ஆள் இல்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஆலங்காயத்தில் பஸ் ஏறி, வாணியம்பாடி போய், அங்கிருந்து வேலூர். பஸ்ஸில் அவர் மகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கரண்டி வந்ததிலிருந்து மகள் தின்றதையெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாம்பாரா, ரசமா, பொரியலா, எதில் தாளித்துக் கொட்டவில்லை? வாணியம்பாடி தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அவ தாளிச்சதத் துன்ன மாட்டா இல்ல?"

தின்ன மாட்டாள். அதுதான் எனக்கும் அவளுக்கும் தினமும் நடக்கிற சண்டை. கடுகைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "கருப்பு வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். உருண்டைக்கு நடுவில் ஒளித்து ஊட்டினாலும் நாக்காலேயே தேடி எடுத்து என் உள்ளங்கையில் துப்புவாள். கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். மற்ற குழந்தைகள் எல்லாம் தின்கின்றன, இவளுக்கு மட்டும் இவ்வளவு நாக்கா என்று திட்டியிருக்கிறேன். கடைசியில் அலுத்துப்போய், தாளிப்பதற்கு முன்பே அவளுக்குத் தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தேன்.

"துன்ன மாட்டாதான். ஆனா சில நாள் புடிச்சு வச்சு ஊட்டியிருக்கேன்" என்றேன். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தச் சில நாள் எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

வேலூரில் நாங்கள் பார்த்த டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். திட்டவில்லை. மூன்று பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மகள் போட்ட கூச்சலில் என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ரிசல்ட் வரச் சில நாள் ஆகும் என்றார்கள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் தாளிக்கவில்லை. பழைய கரண்டி இருக்கத்தான் இருந்தது, எனக்குக் கை வரவில்லை. பருப்பும் சோறும், மோரும் சோறும் என்று மூன்று பேரும் மகள் தின்கிற மாதிரியே தின்றோம். அவளுக்கு ஒரே சந்தோஷம். "அப்பாக்கும் கருப்பு வேணாமா?" என்று கேட்டாள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தின்றார். அந்தக் கரண்டியைச் சாக்கில் சுற்றிக் கொட்டகைக்கு அப்பால் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் அவரே இறக்கித் திரும்பத் திரும்பக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, கம்பைத் தொடவில்லை. அவரைத் திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அவர் இருந்த இருப்பைப் பார்த்து ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

ரிசல்ட்டுக்காக மறுபடி வேலூர் போனோம். டாக்டரம்மா காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் கண்ணாடியைச் சரிசெய்தாலே நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"குழந்தைக்கு ஒன்னும் இல்லம்மா. பயப்படற மாதிரி எதுவுமே இல்ல. உங்க மூணு பேர்ல இவளுக்குத்தான் கம்மி."

நான் திரும்பவும் சொல்லச் சொன்னேன். திரும்பவும் சொன்னார். எனக்கு லேசாக இருக்கிறது, அவருக்கு என்னைவிடக் கூடுதல், ஆனால் மருந்து தேவையில்லை, தானாகக் குறைந்துவிடும், சில மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். இனிமேல் ஈயம் உருக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னார். "விட்டுட்டேங்க" என்று அவர் கை கூப்பினார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் வந்து பார்த்தபோது வராந்தாவில் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தார். "அப்பா குத்துது" என்று அவள் மீசையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. அந்த வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் அழுது தீர்த்தேன்.

அழுது முடித்ததும் பசித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். எங்களுக்குச் சாப்பாடு, மகளுக்குத் தயிர்சாதம். கொண்டுவந்து வைத்தார்கள். மேலே தாராளமாகத் தாளித்துக் கொட்டியிருந்தார்கள், வெள்ளைச் சோறு முழுக்கக் கடுகு. மகள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டு விழும் என்று அவளுக்குத் தெரியும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சத்தம் வராமல், "கருப்பு" என்றாள்.

நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஜிக்குக்குக் கண் வைத்த அதே விரல்களால் ஒவ்வொரு கடுகாகப் பொறுக்க ஆரம்பித்தேன். அவர் தன் இலையை நகர்த்தி, ஓரத்தில் கடுகு போட இடம் செய்து கொடுத்தார். சர்வர் வந்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்றேன்.