முப்பத்தோராம் நாளுக்கு வந்த மொட்டைத் தலைகள்

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மார்ச் மாதத் தொடக்கம், ஸ்காபரோவில் ஒரு மண்டபம். என் கணவர் போய் முப்பத்தோராம் நாள். காலையில் ஐயர் வந்து அந்தியேட்டிக் கிரியைகளை முடித்துவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் கதிரையில் இருந்தேன். அந்த ஒரு மாதமும் எனக்கு அதுதான் வேலை, ஏதாவது ஒரு மூலையில் இருப்பது.

அன்று நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் ஃபுட்போலில் இருந்து தொடங்கவேண்டும். காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல. தலைக்கவசம், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஆளை ஆள் இடித்து விழுத்தி, முட்டை வடிவப் பந்து ஒன்றை முன்னால் கொண்டுபோகிற விளையாட்டு. எங்கள் ஒரே மகன் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக அணியில் விளையாடினான். எனக்கு அது துளியும் பிடிக்காது. பெற்று வளர்த்த பிள்ளையை எவனோ ஓடி வந்து இடிப்பதைக் காசு கொடுத்துப் பார்க்க நான் என்ன விசரியா? ஆனால் என் கணவருக்கு அது உயிர். பிறம்ரனில் இருந்து ட்ரக் ஓடியவர் அவர். சனிக்கிழமை மட்ச் என்றால் ட்ரக்கை எங்கே விட்டாரோ, எப்படி வந்தாரோ, சரியான நேரத்துக்கு மைதானத்தில் நிற்பார்.

போய்ப் பார்த்து என்ன பயன்? தோற்பதில் ஓர் ஒழுங்கு வைத்திருந்த அணி அது. தோற்றுவிட்டு வந்து தகப்பனும் மகனும் அஜக்ஸில் எங்கள் குசினி மேசையில் இருந்து, ஏன் தோற்றோம் என்று மணிக்கணக்கில் கதைப்பார்கள். நான் சோற்றைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

மகனின் மூன்றாம் வருடம், சீசன் முடிந்த கையோடு அவர்களுடைய தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, உங்கள் பிள்ளையை என்னிடம் தாருங்கள் என்று கேட்டுச் சேர்த்தவர் அவர்தான். மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவருக்குப் பதிலாக மேற்கே அல்பேர்ட்டாவில் இருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அதிகம் கதைக்காத மனிதர். வந்த உடனேயே அணி இரண்டாகப் பிளந்துவிட்டது. பழையவர் சேர்த்த பிள்ளைகள் ஒரு பக்கம், புதியவரை நம்பிப் பார்க்கலாம் என்றவர்கள் மறுபக்கம். உடுப்பு மாற்றுகிற அறையிலேயே ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். நல்லாக விளையாடுகிற சிலர் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகனும் அந்த யோசனையில்தான் இருந்தான்.

அந்த நேரம்தான், பெப்ரவரியில் ஒரு காலை, வீட்டு வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே சரிந்தார். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரொறன்ரோவில் இப்போது எத்தனையோ பிள்ளைகள் கொள்ளி வைக்கும்போது மொட்டை அடிப்பதில்லை. ஐயர்மாரும் வற்புறுத்துவதில்லை. என் மகன் ஒருவர் சொல்லையும் கேட்காமல் தலையை மழித்தான். செத்த வீட்டுக்கு அந்தப் புதிய பயிற்சியாளரும் வந்திருந்தார் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். கடைசி வரிசையில், கோட்டைக் கையில் பிடித்தபடி, கிரியை முடியும்வரை நின்றாராம். அதற்குள் அவர் என் மகனை மூன்று நான்கு முறைதான் பார்த்திருப்பார்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த அன்று மகன் என்னிடம் சொன்னான், “அம்மா, நான் இனிப் படிக்கப் போகேல்லை. ட்ரக் ஓடப் போறன்.” அவ்வளவுதான். நான் அழுதேன், கெஞ்சினேன், ஏசியும் பார்த்தேன். அவன் அசையவில்லை. வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அது தான்தான் என்று முடிவெடுத்துவிட்டான். புருஷனைப் பறிகொடுத்த வலி ஒரு பக்கம் என்றால், அவர் ஆசை ஆசையாகக் கட்டிய பிள்ளையின் வாழ்க்கையும் அவரோடு போகிறதே என்ற வலி மறுபக்கம். முப்பத்தோராம் நாள் அந்த மூலையில் இருந்து நான் யோசித்துக்கொண்டிருந்தது அதைத்தான். அடுத்த நாள் அவன் ட்ரக் லைசென்ஸ் வகுப்புக்குப் பதியப் போவதாகச் சொல்லியிருந்தான்.

அப்போதுதான் மண்டபத்து வாசலில் ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் அந்தப் பயிற்சியாளர். அவருக்குப் பின்னால் ஒருவர், இருவர் என்று இறங்கி முடியவேயில்லை. அறுபது பேராவது இருக்கும். எல்லாரும் கதவை அடைக்கிற அளவு ஆட்கள், ஒரே மாதிரி ஜக்கெற், தலையில் குளிருக்குப் போடுகிற கம்பளித் தொப்பி. கறுப்பு, வெள்ளை, சீனா, பஞ்சாபி என்று எல்லா நிறத்திலும் பிள்ளைகள். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். பயிற்சியாளர் மெதுவாக என்னவோ சொன்னார். எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அத்தனை தலையும் மொட்டை. பயிற்சியாளருடைய தலையும் மொட்டை.

வடை எடுத்த கை எடுத்தபடி நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அங்கிள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், “என்ன தங்கச்சி, உவ்வளவு பேருக்கும் தேப்பன்மார் செத்துப் போச்சினமோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் மறுபக்கத்தில் ஓர் அலறல். அந்த அணியில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் விளையாடினான். இங்கேயே பிறந்தவன், பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிப்பவன். அவனுடைய தாயும் தகப்பனும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். மொட்டைக் கூட்டத்துக்குள் தன் பிள்ளையைக் கண்ட தாய் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து உலுக்கினார்.

“கொப்பர் குத்துக்கல்லு மாதிரி உயிரோட இருக்கேக்கை மொட்டை அடிச்சுக்கொண்டு வந்து நிக்கிறியேடா! ஆரடா உனக்குச் சொன்னது?”

அவன் திருதிருவென்று முழித்தான். “கோச் கேட்டவர் அம்மா, வை இஸ் ஹிஸ் ஹெட் ஷேவ்ட் எண்டு. ஃபமிலியில ஆரும் செத்தா ஆம்பிளையள் மொட்டை அடிப்பினம் எண்டு சொன்னனான். வட்ஸ் ரோங்?”

விஷயம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் வழக்கத்தில் தகப்பன் போனால் மகன்தான் மொட்டை அடிப்பான். தகப்பன் இருக்கிறவன் செத்த வீட்டுக்காக அடித்தால் அது அவனுடைய தகப்பனுக்கே ஆகாது என்பார்கள். பிள்ளை அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட பயிற்சியாளர் அதற்கு முந்தின நாள் போய்த் தன் தலையை மழித்துக்கொண்டு அணிக்கு முன்னால் வந்து, நாளை நான் அந்த வீட்டுக்கு இப்படித்தான் போகிறேன், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தத் தாய் அழத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் தட்டோடு நின்ற அவருடைய கணவர், “இஞ்சேரும், நான் இன்னும் சாகேல்லை. அதுக்குள்ளை ஏன் ஒப்பாரி வைக்கிறீர்?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், புருஷன் செத்து முப்பத்தோராம் நாள், மண்டபம் நிறையச் சனம், நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தபடியே எழும்பிப் போய் அந்தத் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, அழாதேங்கோ. முருகனுக்கு நேத்தி வைச்சு அடிச்ச மொட்டை எண்டு நினையுங்கோ. பிள்ளையும் நல்லா இருப்பான், அண்ணையும் நல்லா இருப்பார்.” அவர் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு மகனின் மொட்டைத் தலையைத் தடவிவிட்டார்.

இவ்வளவும் நடக்கும்போது பயிற்சியாளர் ஒன்றும் விளங்காமல் நின்றார். என் மகன் போய் அவருக்கு விளங்கப்படுத்தினான். அந்த மனிதரின் முகம் சிவந்து போனதைப் பார்க்க வேண்டும். என்னிடம் வந்து, பிழை செய்துவிட்டேன், கேட்டிருக்க வேண்டும், மன்னியுங்கள் என்றார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு “ஈட், ஈட்” என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் என்னத்தைச் சாப்பிடுவது? சமையல் சொன்னது வருகிற சொந்தக்காரருக்குக் கணக்காக. என் தம்பி ஓடி வந்து, “அக்கா, சோறு காணாது” என்று காதுக்குள் சொன்னான். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே தங்கள் தட்டுகளை மூடி வைத்துவிட்டுப் பரிமாற எழும்பினார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் இன்னும் இரண்டு அண்டா சோறும் பருப்பும் அனுப்பினார். என் மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் அணிக்காரர் ஒவ்வொருவருக்கும் கத்தரிக்காய்க் குழம்பு விட்டுக்கொண்டு போனான். ஒரு மாதமாக ஒருவரோடும் கதைக்காத பிள்ளை. ஒருவன் குழம்பின் உறைப்பில் கண்ணீர் விட, இவன் பாயாசத்தை நீட்டிக்கொண்டு சிரித்தான். தகப்பனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனுடைய பல்லைப் பார்த்தேன்.

சாப்பிட்டு முடிந்ததும் ஒருவரும் கிளம்பவில்லை. கதிரைகளை மடித்தார்கள், மேசைகளைத் தூக்கினார்கள், அண்டாக்களைக் கழுவினார்கள். நாங்கள் இரண்டு மணித்தியாலம் செய்கிற வேலை, நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

போகும்போது பயிற்சியாளர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். மகன்தான் எனக்கு அதைத் தமிழில் சொன்னான். “அம்மா, அவர் என்னை வரச்சொல்லிக் கேக்கேல்லையாம். ஆனா உடுப்பு மாத்திற அறையில இருக்கிற என்ரை லொக்கரை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டாராம்.”

அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குசினியில் சத்தம் கேட்டது. எழும்பி வந்து பார்த்தால், மகன் தோளில் ஃபுட்போல் பையோடு நிற்கிறான். லைசென்ஸ் வகுப்புக்கு அந்தப் பை தேவையில்லை. முட்டையைப் பொரித்துப் பாணுக்குள் வைத்துக் கொடுத்தேன். அவன் கார் தெருவைத் தாண்டிய பிறகு என் கணவருடைய படத்துக்கு முன்னால் நின்று நல்லாக அழுதேன்.

பல நாளுக்குப் பிறகுதான் மகன் இன்னொன்றைச் சொன்னான். மண்டபத்துக்கு வந்ததற்கு முந்தின நாள், உடுப்பு மாற்றுகிற அறையில் மொட்டை அடிக்க இருந்தது ஒரேயொரு மெஷின்தானாம். பயிற்சியாளர் அங்கே இல்லை. ஒருவர் தலையை ஒருவர்தான் மழிக்க வேண்டும். மாதக்கணக்காகக் கதைக்காமல் இருந்தவர்கள் ஒருவருக்கு ஒருவர் பின் கழுத்தைக் குனிந்து கொடுத்திருக்கிறார்கள். வேறு இடத்துக்குப் போகப் பெட்டி கட்டியவர்களும் வரிசையில் நின்றார்களாம். அந்த மனிதர் ஒருவரையும் கட்டாயப்படுத்தாமல் தன் தலையை மழித்ததில், உடைந்து கிடந்த ஓர் அணி ஒட்டிவிட்டதே!

உடனே வெற்றி மழை பொழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருட சீசனில் முதல் இரண்டு மட்சும் தோல்வி. இந்தப் பயிற்சியாளரையும் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சனம் எழுதத் தொடங்கிவிட்டது. மூன்றாவது மட்சுக்கு நான் போனேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. என் மகன் நிற்கிற இடத்தில் அவனுக்குப் பந்து கிடைக்கவே கிடைக்காது என்று அன்றுதான் கண்டேன். பந்து எறிகிற பிள்ளைக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நின்று இடி வாங்குவார்கள், அதில் ஒருவன் அவன். ஒருவரும் அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டவில்லை. விழுந்து விழுந்து எழும்பினான். அன்று வென்றார்கள். அடுத்த வருடம் தோற்றதை விட வென்றது கூட. அவன் பட்டம் எடுத்த வருடம் இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஒவ்வொரு மட்சுக்கும் நான் போனேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

போன வருடம் அந்தப் பயிற்சியாளரைப் பெரிய இடம் ஒன்று கேட்டு எடுத்துக்கொண்டது. திரும்பவும் புதிய ஆள், திரும்பவும் எல்லாம் உடையப் போகிறது என்று நினைத்தேன். அந்தக் குளிர்காலத்தில் ரெக்ஸ்டேலில் ஒரு பிள்ளையின் தகப்பன் தவறிவிட்டார். முதலாம் வருடப் பிள்ளை. புதிய பயிற்சியாளருக்கு இன்னும் எல்லாருடைய பெயரும் பாடமில்லாத நேரம். என் மகன் விஷயம் கேள்விப்பட்டுப் பழைய அணிக்காரரோடு போயிருந்தான். மூத்த பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் வழக்கம் என்ன, நாங்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று முதலில் கேட்டார்களாம். பிறகு பஸ் பிடித்துக்கொண்டு எல்லாருமாகப் போய், சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார்களாம். எங்கள் மண்டபத்தில் மொட்டையோடு வந்து நின்ற பிள்ளைகளில் ஒருவரும் இப்போது அந்த அணியில் இல்லை. அந்தப் பிழைக்குப் பிறகு அவர்கள் தொடங்கிய, கேட்டுவிட்டுப் போகிற வழக்கம் மட்டும் மூத்தவரைப் பார்த்து இளையவருக்கு வந்திருக்கிறது.

ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று இன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் என் கணவரின் முப்பத்தோராம் நாளில் தெரியாமல் நடந்த ஒரு பிழை, முகம் தெரியாத பிள்ளைகளிடம் இத்தனை நல்ல வழக்கமாக நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.