ஐந்தாவது பூச்சு

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய தெருக்காரர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். நக்கல் மேஸ்திரி என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மண்வீடு கட்டுவதும் பழைய மண்வீடுகளைப் பழுதுபார்ப்பதும் அவர் தொழில். கை மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே வாய் யாருடைய காலையாவது வாரிக்கொண்டிருக்கும். அதிலும் மறந்துபோன மாதிரி நடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வீட்டில் பூச்சு வேலையெல்லாம் முடிந்த அன்றைக்கு, "அம்மா, என் கொத்துக்கரண்டியைக் காணோம். சுவத்துக்குள்ள வெச்சுப் பூசிட்டேன் போலிருக்கு. எந்தச் சுவருன்னுதான் ஞாபகம் வரல. ஒவ்வொண்ணா உடைச்சுப் பாத்துடலாமா?" என்று முகத்தை அவ்வளவு பரிதாபமாக வைத்துக்கொண்டு கேட்டார். அந்த அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டிக்கொண்டவளையும் விட்டுவைக்கவில்லை. கல்யாணமான புதிதில் காலையில் எழுந்ததும், "யாரும்மா நீ? எங்க வீட்டுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டு அவளை அழவைத்திருக்கிறார். பிறகு அவளுக்குப் பழகிவிட்டது. அவர் எதை மறந்துவிட்டேன் என்றாலும் "சரி சரி" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆரம்பத்தில் அவர் சிமெண்டு வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கையெல்லாம் வெந்து தோலுரிந்துபோனதால் மண்ணுக்கு மாறினார். மனைவி மண்ணை மிதித்துக் குழைத்துக் கொடுப்பாள். அவளுடைய தம்பி, அதாவது மச்சான், அச்சில் மண்கல் அறுத்து வெயிலில் காயவைப்பான். மூன்று பேருமாகச் சேர்ந்து நிறைய வீடுகளை எழுப்பியிருக்கிறார்கள். விழ இருந்த வீடுகளை நிறுத்தியும் இருக்கிறார்கள்.

இந்த முறை வேலை, ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் வாங்கியிருந்த பழைய மண்கல் வீட்டில். முன்பு அங்கே குடியிருந்த புண்ணியவான் யாரோ, பலமாக இருக்கட்டும் என்று வெளிப்பக்கம் முழுக்க சிமெண்டைப் பூசி வைத்திருந்தார். மண்சுவர் ஈரத்தை வாங்கும், வாங்கியதைத் திருப்பி வெளியே விடும். சிமெண்டு அதன் வாயைப் பொத்திவிட்டது. ஈரம் உள்ளேயே தங்கி, கல்லெல்லாம் டீயில் நனைத்த ரொட்டி மாதிரி ஊறி, பின்னறைச் சுவர் பாதிக்குச் சரிந்துவிட்டது. நர்ஸம்மாவின் மகன், இடித்துத் தள்ளிவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். நர்ஸம்மாவுக்கு மனசு வரவில்லை.

"மேஸ்திரி, வெடிக்காத மண்பூச்சு ஒண்ணு காட்டுங்க. அவனை நான் சமாளிச்சுக்கறேன். காட்ட முடியலேன்னா அவன் சொல்றதுக்குத் தலையாட்ட வேண்டியதுதான். வீடு போயிடும்."

மேஸ்திரி சிமெண்டை உரித்துவிட்டு, வடக்குச் சுவரில் முறத்தளவுக்கு நாலு மாதிரிப் பூச்சு பூசினார். ஒவ்வொன்றிலும் மண்ணும் மணலும் நறுக்கிய வைக்கோலும் வேறு வேறு அளவு. ஈரம் காய்வதற்குள் மூலையில் கட்டைவிரலால் அழுத்திவைப்பது அவர் வழக்கம். முதல் பூச்சுக்கு ஓர் அழுத்தல், இரண்டாவதற்கு இரண்டு, இப்படி. எதில் என்ன கலவை என்பது மட்டும் எங்கும் இருக்காது.

"எங்கயாவது எழுதி வைக்கக் கூடாதா?" என்றார் நர்ஸம்மா.

"எழுதின காகிதம் தொலைஞ்சு போகும்மா. மண்டை எங்க போயிடப் போகுது? கழுத்துமேலதானே இருக்கு."

பூச்சு காய்ந்த பிறகு எல்லோருமாகப் போய்ப் பார்த்தார்கள். முதலாவது பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மயிரிழைக் கீறல்கள். நாலாவது தொட்டால் மணலாக உதிர்ந்தது. அதற்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. கீறல் கிடையாது, உதிரல் கிடையாது. தடவிப் பார்த்த உள்ளங்கையை எடுக்கவே மனசு வரவில்லை. மூலையில் வரிசையாக ஐந்து விரலழுத்தல்கள்.

"இதுதான் மேஸ்திரி! இதே மாதிரி வீடு முழுக்க வேணும். எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"திங்கட்கிழமை" என்று அவர் வாய் சொல்லிவிட்டது. அவர் பூசியது நாலே நாலு.

மச்சான் வேலையாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். ரொம்ப நாளாகவே அவனுக்குப் பூச்சு வேலையில் ஒரு கண். மாமனுக்குத் தெரியாமல் பூசி, நர்ஸம்மாவிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறானோ? அன்று சாயங்காலமே மனைவியிடம், "அந்த அஞ்சாவது பூச்சு யாரு பூசினது? உன் தம்பியா?" என்று கேட்டார். அவள் வைக்கோலை நறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"போதுங்க உங்க வெளையாட்டு. வேற ஆளப் பாருங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அக்காவும் தம்பியும் கூட்டோ? சோறு இறங்கவில்லை. படுத்துக்கொண்டே ஒவ்வொரு வாளியாக மனசுக்குள் கலக்கிப் பார்த்தார். நாலு வாளி கண்ணெதிரே பளிச்சென்று வந்தது. ஐந்தாவது என்று நினைத்ததுமே வெறும் தரைதான் தெரிந்தது. சமீபத்தில் ஓரிரு தடவை, வேலை முடிந்து வரும்போது வேறு தெருவில் திரும்பி, எந்த வீடு என்று திருதிருவென விழித்துக்கொண்டு நின்றிருக்கிறார். களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. நர்ஸம்மாவையும் வைத்துக்கொண்டே மச்சானைப் பிடித்தார்.

"ஏம்ப்பா, பூசினது நீதான்னு ஒத்துக்கிட்டா நான் என்ன தூக்கிலயா போடப்போறேன்? கலவை என்னன்னு மட்டும் சொல்லு."

"மாமா, நான் கல் அறுக்கறவன். கரண்டி பிடிச்சா எனக்குக் கை ஆடும். அது உங்களுக்கே தெரியும்."

"அப்ப விரலை வை. பாத்துடலாம்."

மச்சானின் கட்டைவிரல் உலக்கை மாதிரி. பள்ளத்துக்குள் போகவே இல்லை. நர்ஸம்மா தானாகவே முன்வந்து வைத்தார். அது உள்ளே லொடலொடவென்று ஆடியது. மனைவி சிரித்துக்கொண்டே வந்து வைத்தாள். அவளுடையதும் சின்னது.

"பாக்கி யாரு? நீங்கதான். வெச்சுப் பாருங்க மாமா" என்றான் மச்சான். கோபத்தில் இருந்தாலும் கேலியாகத்தான் சொன்னான்.

தன் விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. பூசாதவன் எதற்கு வைத்துப் பார்க்க வேண்டும்? எல்லோரையும் சிரிக்கவைக்கலாம் என்று கட்டைவிரலை நாடகமாடித் தூக்கிக் காட்டிவிட்டு, முதல் பள்ளத்தில் வைத்தார்.

செருப்புக்குள் கால் போகிற மாதிரி போய் உட்கார்ந்தது. என்றைக்கோ மண்வெட்டி பட்டுப் பிளந்து, குறுக்கே பள்ளமாக ஆறிப்போன தழும்பு அந்த விரலில் உண்டு. சுவரில் அதே இடத்தில் ஒரு மண்வரி மேடாக நின்று தழும்புக்குள் பொருந்தியது. எடுத்தார். இரண்டாவதில் வைத்தார். மூன்றாவதில் வைத்தார். ஐந்திலும் அந்த வரி இருந்தது.

மனைவியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"என்னங்க... நெசமாவே தெரியலயா உங்களுக்கு?"

"என்ன தெரியல?"

"புதன்கிழமை மத்தியானம் சோறு கொண்டுவந்தேனே. நீங்கதானே பூசிக்கிட்டு இருந்தீங்க. 'இங்க பாருடி, இது வெடிச்சா என் பேரை மாத்திக்கறேன்'னு சொன்னீங்க. நான் வாயத் திறந்து பாராட்டக்கூட இல்ல, அதுக்குக் கோவிச்சுக்கிட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு நாளா எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. வழக்கம்போல வம்பு பண்றீங்கன்னுதாங்க நெனச்சேன்."

மேஸ்திரி பேய் முழி முழித்தார். அவள் பொய் சொல்லமாட்டாள். விரலும் சொல்லாது. அப்படியானால் புதன்கிழமை இங்கே நின்றது யார்? அவர் உடம்புதான், அவர் கைதான். அவர் மட்டும் அங்கே இல்லை. வாழ்நாளில் பூசியதிலேயே நல்ல பூச்சு அது, அதைப் பூசிய சந்தோஷம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. மச்சான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நர்ஸம்மா அவரை வாசற்படியில் உட்காரவைத்தார். "டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடலாம் மேஸ்திரி. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"வேலை?"

"வேலையை நீங்கதான் செய்யணும். அந்தக் கையத்தானே எனக்குப் பிடிச்சிருக்கு."

"கலவை தெரியலையேம்மா. தலைகீழா நின்னாலும் வரமாட்டேங்குது."

அப்போது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் கையைக் காட்டினாள். அன்றைக்கு அவர் பக்கத்தில் ஒரு தொட்டி இருந்ததாம். சரிந்த சுவரின் உடைந்த கல்லையெல்லாம் அதில் ஊறப்போட்டிருந்தாராம். வீட்டின் பழைய மண்ணையே கரைத்துச் சலித்து வீட்டுக்கே பூசியிருக்கிறார். மணல் எவ்வளவு போட்டார் என்று அவளுக்கும் தெரியாது. பரவாயில்லை, அதை மறுபடி பூசிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள். டாக்டரிடம் போவது வியாழக்கிழமை என்று முடிவாகியிருந்தது. பழைய கல்லை ஊறவைத்து, மணலை மட்டும் மாற்றி மாற்றிப் புதிதாக நாலு பூச்சு. இந்த முறை அவர் அழுத்திய ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் அவளும் தன் விரலை அழுத்தினாள். எந்த வாளியில் எவ்வளவு என்று இருவரும் உரக்கச் சொல்லிக்கொண்டார்கள். அவர் மறந்தாலும் அவளிடம் இருக்கும்.

வேலை முடிந்து இருவரும் கை கழுவிவிட்டு வந்து சுவரின் முன் நின்றார்கள். பெரிய விரலும் சின்ன விரலும் ஜோடி ஜோடியாக வரிசைகட்டி நின்றன. அவருக்கு மனசு கொஞ்சம் லேசானது. சில நாளாகப் பூட்டிக் கிடந்த வாய் பழைய பழக்கத்தில் திறந்துகொண்டது. சின்ன விரலின் பள்ளத்தைத் தொட்டு, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஆமா, இது யாரு விரல்?"

அவள் கையிலிருந்த வாளி கீழே விழுந்து உருண்டது. அவர் பதறிப்போய், "ஏய், சும்மா கேட்டேன்டி! உன்னோடதுதான், எனக்குத் தெரியாதா? சத்தியமா வெளையாட்டு!" என்றார்.

"சரி சரி" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. தலையிலடித்துச் சொன்னாலும் இனி நம்பமாட்டாள்.