இரண்டாம் தடவை கேட்காத ஊர்

புனேயில் நான் குடிக்காமல் விட்ட முதல் தேநீரைப் பற்றிச் சொன்னால் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரருக்குப் போசரியில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை கிடைத்து, கோயமுத்தூரிலிருந்து சாமான்களோடு வந்து இறங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் பால் வரவில்லை. பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்க எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் பாட்கர் காக்கு. வயதில் மூத்த அக்கம்பக்கத்துப் பெண்களை இங்கே காக்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாம் சித்தி என்பதைப் போல. உள்ளே அழைத்து உட்காரவைத்து, தட்டில் வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "சாய் லேங்கே?" என்றார். அப்போது எனக்கு இந்தியில் பத்து வார்த்தை தெரியும். அதில் ஒன்றை எடுத்து "நஹி, நஹி" என்றேன். "பர" என்றார் காக்கு. மராத்தியில் சரி என்று அர்த்தம். அடுப்படிக்குப் போய் ஒரே ஒரு கப்போடு திரும்பி வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, தாமே குடித்தார். இஞ்சி வாசனை என் மூக்கைத் துளைத்தது. காலையிலிருந்து என் வயிற்றில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் "வேண்டாமுங்க" மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவதைச் சொல்வதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிட வேண்டும், வரவில்லை என்றால் அந்த வீட்டைப் பற்றி ஊர் பேசும். ஒருமுறை எங்கள் பெரியப்பா "வேண்டாம், நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் பஸ் ஸ்டாப் வரை நடந்துவிட்டார். என் அம்மா காப்பி டம்ளரைச் சேலைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் ஊதக் காத்திருந்தார், பெரியப்பா நின்றபடியே குடித்துவிட்டுத்தான் ஏறினார். "வேணுமான்னு கேக்கறதே குடுக்க மனசில்லாதவிய பேச்சு கண்ணு" என்பாள் அம்மா. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

ஆகவே பாட்கர் வீட்டுக்கு அன்றைக்கே முத்திரை குத்திவிட்டேன்: எச்சில் கையால் காக்கை ஓட்டாத குடும்பம். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்களே, அதற்குப் பிறகு காக்கு எது செய்தாலும் எனக்கு உள்நோக்கம் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பு, "நாளை நாலு மணிக்கு வரலாமா?" என்று கேட்பார். இரண்டு கதவுக்கும் நடுவில் ஆறடிகூட இல்லை. இதற்கு எதற்கு முன் அனுமதி? நான் அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்பு எதையோ ஒளித்துவைக்க அவருக்கு நேரம் வேண்டும், அதைத்தான் எனக்கு மறைமுகமாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று முடிவுகட்டினேன். சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, "தில்குள் க்யா, கோட் கோட் போலா" என்றார். என் வீட்டுக்காரரின் தொழிற்சாலையில் கேட்டு அர்த்தம் தெரிந்துகொண்டோம்: எள்ளுருண்டை வாங்கிக்கொள், இனிக்க இனிக்கப் பேசு. முந்தின நாள்தான் நான் பால்காரரோடு மாடிப்படியில் சண்டை போட்டிருந்தேன். இனிப்பைக் கொடுத்து வாயை மூடச் சொல்கிறாளே இந்த மனுஷி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வார்த்தையை அன்றைக்கு ஊரே ஊருக்குச் சொல்லும் என்பது அடுத்த வருஷம்தான் தெரிந்தது. அப்போதும் எனக்குச் சொன்னபோது மட்டும் குரலில் ஓர் அழுத்தம் இருந்ததாகவே நினைத்தேன்.

"உனக்குப் போலீசுல வேல கெடச்சிருக்கோணும்" என்பார் என் வீட்டுக்காரர்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த மாடியில் தொலைபேசி இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். அதுதான் எங்களுக்குப் பி.பி. நம்பர். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் காக்கு வந்து கதவைத் தட்டுவார். நான் போய் ரிசீவரை எடுத்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினேன். அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தத் தொலைபேசியில்தான் மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் ஒரு காலை நேரம் அண்ணன் பேசினான். அப்பா போய்விட்டார். என் வீட்டுக்காரர் மெஷின் பொருத்தும் வேலையாக நாசிக் போயிருந்தார், சாயங்காலம்வரை அவரைப் பிடிக்க வழியில்லை. எனக்கு இடுப்பில் இரண்டு வயது மகள். காக்குவிடம் எப்படி விஷயத்தைச் சொன்னேன், எப்படி வீட்டுக்கு வந்தேன், எப்படிப் பையில் துணியைத் திணித்தேன் என்று நினைவில்லை. கதவைப் பூட்டும்போது காக்கு தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார். "ஸ்டேஷன்வரை நான் கூட வரட்டுமா?" என்று கேட்டார். எனக்கு அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. யாராவது கூட வந்தால் போதும். ஆனால் வாய் தன் பழக்கத்தில், "வேண்டாம் காக்கு, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றது. "நிச்சயமாவா?" என்பது போலப் பார்த்தார். "வேண்டாம், வேண்டாம்" என்றேன். "பர" என்றார். "ஜாக்கிரதையாப் போ."

படியிறங்கும்போதே எனக்கு அழுகையோடு ஆத்திரமும் சேர்ந்து வந்தது. போலீஸ் மூளை அந்த நிலையிலும் வேலை செய்தது. காக்கு வீட்டில் கட்டும் பழைய சேலையில் இல்லை, இஸ்திரி போட்ட சேலையில் இருந்தார். கையில் குடை. எங்கேயோ கிளம்பத் தயாராக நிற்கிறார், அந்த அவசரத்தில் ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டுவைத்தார் என்று புரிந்துகொண்டேன். ரிக்ஷாவில் மழைச்சாரல் குழந்தையின் மேல் அடித்தது. ஸ்டேஷனில் பை ஒரு கையில், அவள் ஒரு கையில், டிக்கெட் வரிசையில் நின்றபடி அழுதேன். மறுநாள் இரவு ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

பத்து வருஷம் இந்தக் கதையைச் சொன்னேன். தமிழ்ச்சங்கப் பொங்கலில் சொன்னேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். புதிதாக வரும் நம்மூர்ப் பெண்களுக்கு எச்சரிக்கையாகச் சொன்னேன். "அப்பா செத்த பொண்ணைப் பாத்து ஒரே ஒரு தடவை கேட்டாங்க, கையில குடையோட." குடை என்று சொல்லும்போது கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதற்காகவே அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். எதிர்வீட்டோடு பேச்சு நிற்கவில்லை. சிரிப்போம், பண்டிகைக்குத் தட்டு மாற்றிக்கொள்வோம். காக்குவும் அந்த மழைக்காலத்துக்குப் பிறகு என்னிடம் ஓர் எட்டுத் தள்ளியேதான் இருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் ஊர் மாறிவிட்டது. எங்கள் தெருமுனையில் விடிகாலையிலேயே ஹிஞ்சேவாடி போகும் ஐ.டி. கம்பெனி வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின, எல்லார் கையிலும் மொபைல் வந்தது, பி.பி. நம்பர் என்றால் என் மகளுக்கு என்னவென்று தெரியாது. அந்தச் சமயத்தில்தான் காக்குவின் வீட்டுக்காரர் பாட்கர் காகாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். நான் போய்ப் பார்த்து, "சாப்பாடு கொண்டு வரட்டுமா காக்கு?" என்றேன். "நக்கோ மணி. இங்கேயே கிடைக்குது. வேணும்னா நானே கேக்கறேன்" என்றார். நக்கோ என்றால் வேண்டாம். தங்கமணி என்ற என் பெயரில் பாதிதான் அவர் வாயில் வரும்.

நான் நல்ல மனசோடு மட்டும் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மனுஷி மனுஷிக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற வீம்பு இருந்தது. மறுநாள் ரசம் சாதம், பீன்ஸ் பொரியல், தயிர் என்று மூன்று அடுக்குக் கேரியரில் கொண்டுபோனேன். "எதுக்கு இது?" என்றார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள், வார்டுக்கு வெளியே வராந்தாவில் என்னை நிறுத்தினார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"மணி, நான் நக்கோன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் கொண்டு வர்றே? நீ வந்தா நான் எழுந்து வரணும், உன்கூட உக்காந்து சாப்பிடணும், பாத்திரம் கழுவிக் குடுக்கணும். எனக்கு அவர் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கணும். அவ்வளவுதான். என் வார்த்தைக்கு உன்கிட்ட மதிப்பே இல்லையா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பத்து வருஷமாக அடக்கியது என் மராத்தியில், இலக்கணமெல்லாம் உடைந்து வெளியே வந்தது. "எங்க ஊர்ல வேண்டாம்னு சொன்னா அப்படியே விட்டுட மாட்டோம் காக்கு. எங்க அப்பா செத்த அன்னிக்கு நீங்க ஒரே தடவை கேட்டுட்டு நின்னுட்டீங்க. நான் தனியாப் போனேன்."

காக்கு என்னையே பார்த்தார். கோபம் இறங்கி முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"நீ ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னே. நான் சேலை மாத்தி, காகாவுக்குச் சமைச்சு மூடி வெச்சு, குடையும் எடுத்துக்கிட்டு உனக்காகத்தான் வாசல்ல நின்னேன். கைக்குழந்தையோட அழுதுக்கிட்டு நிக்கறவகிட்ட போய் வாக்குவாதம் பண்ணுவேனா? நீ சொன்னதை நம்பினேன். அந்த நேரத்துலகூட என்னை வேண்டாங்கறாளே, இவளுக்கு நான் யாரோதான்னு நினைச்சுக்கிட்டேன். பால்கனியில நின்னு பாத்தேன். ரிக்ஷா திரும்புற வரைக்கும் நீ நிமிந்து பாக்கவே இல்லை."

சமாளிக்கக் கதை கட்டுகிறார் என்றுதான் என் மூளை முதலில் சொன்னது. ஆனால் குடை விஷயத்தை நான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேனே தவிர அவரிடம் சொன்னதே இல்லை. நான் சேர்த்துவைத்த சாட்சி என் பக்கம் திரும்பி நின்றது. யார் சொல்லையும் நம்பாதவள் நான், என் சொல்லை ஒருவர் நம்பியதற்காகப் பத்து வருஷம் அவரைத் திட்டித் திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதேன். காக்கு என் கையிலிருந்த கேரியரை வாங்கிக் கீழே வைத்தார். "சஹா?" என்றார். தேநீர். "ஹோ" என்றேன், ஆமாம் என்று. முதல் தடவையிலேயே. ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம்.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன். புதிதாக மதம் மாறியவர்களுக்கு இருக்கும் வேகம் எனக்கும் வந்தது. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். காகா தேறி வீட்டுக்கு வந்த பிறகு நானும் காக்குவும் ஒருவர் வீட்டில் ஒருவர் கேட்டு வாங்கிக் குடித்தோம். அந்த நிம்மதியை ஊருக்கும் எடுத்துப்போனேன், அங்கேதான் தப்பு செய்தேன். அண்ணன் வீட்டில் அண்ணி நான்காவது தோசையைக் கொண்டு வந்தபோது தட்டை இழுத்துக்கொண்டு, "அண்ணி, புனேயில எல்லாம் இப்படிக் கட்டாயப்படுத்த மாட்டாங்க. நான் போதும்னா போதும்தான். என் பேச்சை நம்புங்க" என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அண்ணியின் கை தோசையோடு அப்படியே நின்றது. "செரி கண்ணு" என்றாள். தோசையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாவற்றையும் என்னிடம் ஒரு தடவைதான் கேட்டார்கள்.

போன வருஷம் ஊருக்குப் போய்க் கிளம்பும் நாள். அம்மாவும் இல்லாமல் போன வீடு அது. பையை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன், அண்ணன் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தான். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமுல்ல கண்ணு?"

"இல்லீங்க அண்ணி. போகோணும்."

டிக்கெட்டை மாற்றிவிடலாம். மகள் காலேஜ் போகிறாள், அவளே சமைத்துக்கொள்வாள். அங்கே எனக்கு அவசரமாக ஒன்றும் காத்திருக்கவில்லை. நான் சொன்ன மறுப்பு புனே வழக்கமா, எங்கள் ஊர் வழக்கமா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்டுக்கொண்டபடி என் பேச்சை மதிக்கிறாளா, இல்லை உள்ளுக்குள் போய்த் தொலையட்டும் என்று இருக்கிறாளா என்று அந்த முகத்தில் தேடினேன்.

"செரி கண்ணு. பத்தரமாப் போய்ச் சேந்து போன் பண்ணு."

ஆட்டோ வந்து நின்றது. ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன். மற்றதைக் குனிந்து பார்க்காமல் காலாலேயே தேடுவது போல, அந்தப் படியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன்.