பிடுங்கிப் பார்க்காத கேபிள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு சர்வர் வேலையாகப் போயிருந்தேன். பதினேழு ஆண்டுகளாக லினக்ஸ் சர்வர்களோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. வீட்டில் அரிசி தீர்ந்துபோனது தெரியாது, எந்த சர்வரில் எவ்வளவு இடம் காலி என்று மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் என்று என் கணவர் கிண்டல் செய்வார். உள்ளூர எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் அழைப்பு மணிப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் கட்டில் தலைமாட்டில் சிவப்பு விளக்கு எரியும். கூடவே சர்வர் வழியாகத் தகவல் போய், வேலையில் இருக்கும் தாதியின் கைப்பேசி ஒலிக்கும். அந்த சர்வருக்கு ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள்தான் இருந்தது. அது கழன்றால் மணியும் போய்விடும். அதனால் இரண்டாவதாக ஒரு கேபிளை இழுத்து, இரண்டையும் ஒன்றாகப் பாவித்துக்கொள் என்று சர்வரை இயக்கும் லினக்ஸிடம் சொல்லிவிட வேண்டும். ஒன்று போனால் மற்றொன்று தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். பாண்டிங் என்று சொல்வோம். எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தேன்.

வேலை முடிந்ததும் ஒரு கேபிளைக் கையால் பிடுங்கிவிட்டு, மணி அடிக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடுங்க வேண்டும், மற்றவர் கட்டிலருகே நின்று பொத்தானை அழுத்த வேண்டும். தாதிகள் எல்லாரும் மதியச் சாப்பாடு கொடுப்பதில் பரபரப்பாக இருந்தார்கள். எனக்கோ தேக்கா கடைத்தெருவுக்குப் போயாக வேண்டும். மகளின் பாவாடை தைத்து ரெடியாக இருந்தது, முறுக்கு வாங்க வேண்டும், சாயங்காலமானால் அங்கே சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டு கேபிள்களிலும் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. திரையிலும் எல்லாம் சரி என்றே வந்தது. இது போதாதா என்று கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது அந்த இல்லத்தின் தலைமைத் தாதியான மேட்ரனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. முந்தைய நாள் மதியம் மூன்று மணி வாக்கில் சர்வரில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று கேட்டிருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கைப்பேசியிலேயே சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். எல்லாம் சரி என்றது. 'எங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை' என்று பதில் போட்டேன். ஏன் கேட்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அதை மறந்தும் போனேன்.

நான்கு நாள் கழித்து வேறொரு வேலையாக மறுபடியும் அங்கே போனேன். சாப்பாட்டு நேரத்தில், எனக்கு நன்றாகப் பழகிய தாதி ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், இங்கே வந்து ஆறு வருடமாகிறது. எப்போது பார்த்தாலும் தன் டப்பாவை என் பக்கம் தள்ளி, எடுத்துக்கோங்க அக்கா என்பார். அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச காது டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

காதில் வலியா என்று கேட்டேன். வலியெல்லாம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். போன வாரம் ஒரு மதியம் பக்கத்து அறையில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாராம். அந்த நேரத்தில் வேறொரு சீனப் பாட்டி மூன்று முறை மணியை அழுத்தியிருக்கிறார். யாரும் வராததால் தானே எழுந்து நடக்கப் பார்த்து விழுந்துவிட்டார். நெற்றியில் நான்கு தையல். மகன் வந்து புகார் கொடுத்தார். கட்டில் தலைமாட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் மணியை அழுத்தியது நிச்சயம். சர்வரில் எந்தக் குறையும் இல்லை என்று கணினி நிறுவனத்திலிருந்தே எழுதிவிட்டார்கள். ஆக, கைப்பேசி ஒலித்தும் இவர்தான் கவனிக்கவில்லை என்று முடிவாகிவிட்டது. எச்சரிக்கைக் கடிதம் தயாராகிறது. டிசம்பரில் இவருடைய ஒப்பந்தம் முடிகிறது. கடிதம் கோப்பில் ஏறிவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள், ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் இரண்டு பிள்ளைகளும் இவர் அனுப்புவதில்தான் படிக்கிறார்கள்.

அந்தக் கணினி நிறுவனத்துக்காரி நான்தான் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் என்மேல் துளி சந்தேகமும் இல்லை. தன் காதின் மேல்தான் சந்தேகம்.

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். எழுந்து நேராக சர்வர் அறைக்குப் போனேன். இந்த முறை உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கேபிளில் உயிர் இருக்கிறதா என்று எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு வரி உண்டு. அதை எழுதாவிட்டால் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்ஜியம் என்றால் பார்க்கவே பார்க்காது. கேபிளைப் பிடுங்கிக் கீழே போட்டாலும் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும், இரண்டாவது கேபிளைத் தொடவே தொடாது. அந்த ஒரு வரியைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

சர்வரின் பழைய பதிவுகளைத் தோண்டினேன். கேபிள் எப்போது கழன்றது, எப்போது சேர்ந்தது என்பது மட்டும் தனியாக அங்கே எழுதப்பட்டிருக்கும். பாட்டி விழுந்த அன்று மதியம் இரண்டு ஐம்பதுக்கு முதல் கேபிள் கழன்றிருக்கிறது. மூன்று பதினைந்துக்கு மறுபடியும் சேர்ந்திருக்கிறது. குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவர் ஏணி போட இடமில்லாமல் கழற்றி, முடித்ததும் ஒழுங்காக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நடுவில் இருந்த இருபத்தைந்து நிமிடம் அந்த இல்லத்தில் ஒரு கைப்பேசிகூட ஒலித்திருக்காது. மற்ற முதியவர்கள் மதியத் தூக்கத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைச் சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கும் அந்த மாதம்தான் வேலை மதிப்பீடு. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பத்து நிமிடம் அந்தக் குளிர் அறையில் விசைப்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தத் திறக்காத டப்பாதான் கண்ணுக்குள் நின்றது. பதிவை அச்செடுத்துக்கொண்டு மேட்ரனின் அறைக்குப் போனேன்.

மேட்ரன் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், அதிகம் பேசாதவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தாளை இரண்டு முறை படித்தார். "நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது லா," என்றார். அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறகு அந்தத் தாதியைக் கூப்பிட்டு அனுப்பி, நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டார்.

தாதி என்னைத் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"அப்போ அது அடிக்கவே இல்லையா அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அடிக்கவே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நாலு நாளா ரூம்ல போனை தூரமா வச்சுட்டு, கூட இருக்கறவள அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்குறேன் அக்கா. எல்லாத் தடவையும் கேக்குது. அப்போ அன்னிக்கு மட்டும் ஏன் கேக்கலன்னு எனக்குப் பயமாயிட்டு."

நானும் அழுதேன். மேட்ரன் டிஷ்யூ பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார்.

மூன்று பேருமாகப் போய் அந்தப் பாட்டியைப் பார்த்தோம். என் மன்னிப்பை மேட்ரன் பாட்டிக்குத் தெரிந்த மலாயில் எடுத்துச் சொன்னார். பாட்டி என்னைவிட அந்தத் தாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையைப் பிடித்துத் தன் போர்வைமேல் வைத்துக்கொண்டார்.

பிறகு சர்வர் அறைக்குத் திரும்பி, விட்டுப்போன அந்த வரியைச் சேர்த்தேன். இப்போது பிடுங்கிப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. நான் கேட்பதற்கு முன்பே அந்தத் தாதி பாட்டியின் கட்டிலருகே போய் நின்றுவிட்டார். நான் முதல் கேபிளைப் பிடுங்கினேன். பொத்தானை அழுத்துங்கள் என்று தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தேன். ஒரு நொடிதான் ஆகியிருக்கும், எனக்கு நெடுநேரம் போலிருந்தது.

"கேக்குது அக்கா," என்று அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "நல்லாக் கேக்குது."

எச்சரிக்கைக் கடிதம் அவருக்குப் போகவில்லை, எனக்கு வந்தது. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். இன்றும் ஈசூன் போனால் டப்பா என் பக்கம் நகர்ந்து வரும், முழுவதையும் நான் காலி செய்யும்வரை விடமாட்டார்.

அதன் பிறகு எந்த சர்வரிலும் என் கையாலேயே கேபிளைப் பிடுங்கிப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. ஆனால், 'எங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை' என்று எழுத வேண்டி வரும்போதெல்லாம், அந்த வாக்கியத்தை நம்பித் தன் காதையே சந்தேகப்பட்ட ஒருத்தியின் நினைவு வந்து என் விரல் இன்னமும் நின்றுவிடுகிறது.