கேட்டது ஊர்க்காரியை, வந்தது ஜைனபு

முத்துமாரியை நம்பிக் கும்பிடுகிற அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம். அவள் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நடுவில் நான் அவளைத் திட்டியதையும் சொல்ல வேண்டியிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். திட்டியதால்தான் காரியம் நடந்தது.

எமர்ஜென்சி வந்த வருஷம், தை மாசம். என் வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. கென்யா தேசத்துக் கடற்கரையில் ஒரு குஜராத்தி முதலாளி புதிதாக உப்பளம் போடுகிறார், பாத்தி கட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொல்ல, இவர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து நின்றார். "குடும்பத்தோட வரச் சொல்றாங்க. வீடு தர்றாங்க." எனக்கு அப்போது ஐந்து மாசம். ஏழு வயசிலும் நாலு வயசிலும் இரண்டு பெண்கள் வேறு. என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மூணாவது பிரசவத்துக்கு நான் எங்கடி கடல் தாண்டி வர்றது?"

இவர் கேட்டால்தானே! "அங்க ஆஸ்பத்திரி இருக்குது அத்தை. லாரி இருக்குது. எல்லாம் இருக்குது." பஸ், ரயில், பம்பாயில் கப்பல். நான் வாந்தி எடுத்துக்கொண்டே ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. ஆஸ்பத்திரி இருந்தது. லாரியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒழுங்கான ரோடுதான் இல்லை.

தகரக் கூரை போட்ட இரட்டை வீடு. ஒரு பாதியில் நாங்கள். மறுபாதியில் ஜைனபு என்று ஒரு துலுக்கப் பெண். அந்த ஊர்க்காரி, ஐம்பது வயசு இருக்கும், புருஷன் இல்லை, கோழி வளர்த்தாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. தமிழ் பேச அந்த ஊரில் என் வீட்டுக்காரரை விட்டால் ஆளில்லை. அவரோ வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன்.

ஊரிலிருந்து கொண்டுபோன முத்துமாரி படத்துக்குத் தினமும் விளக்கேற்றி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். "தாயே, நம்ம ஊர் பொம்பளை ஒருத்தியை இங்க கொண்டாந்து விடு. என் பிரசவத்துக்குப் பக்கத்துல இருக்கட்டும்." மரக்காணத்திலிருந்து எப்படிக் கொண்டு வருவாள்? அது அவள் பாடு என்று விட்டுவிட்டேன்.

மாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அப்போதுதான் விளக்கு வைத்திருந்தேன். வாசலில் ஜைனபு. கையை நீட்டி, விரல்களை ஒன்றாகக் குவித்து, நாக்கில் வைத்துக் காட்டினாள். உப்பு! விளக்கு வைத்த பிறகு, அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் கைக்குக் கை! நம் வீட்டில் எந்தப் பெண்ணாவது கொடுப்பாளா? வீட்டு லட்சுமியைத் தூக்கிக் கொடுத்தது போல ஆகாதா? இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே உப்பு மலை மலையாகக் குவிந்திருந்தது. நான் மறுபடியும் தலையை ஆட்டிக் கதவைச் சாத்தினேன். வேறு என்ன செய்வது? இத்தனையையும் ஜாடையில் சொல்ல முடியுமா?

வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வாயைத் திறக்காத மனுஷன் அன்றைக்குக் கத்தினார். "ஏம்மே, வெளியில அம்பாரமா கெடக்குது, ஒரு கை உப்பு தர மாட்டியா?"

"வெள்ளிக்கிழமைங்க! நீங்க உப்பளத்துல பொறந்தவர்தானே?"

"அவளுக்குத் தெரியுமா வெள்ளிக்கிழமை?"

காலையில் ஒரு கிண்ணம் நிறைய உப்பை எடுத்துக்கொண்டு, ஆறு மாச வயிற்றோடு அவள் வாசலில் போய் நின்றேன். வாங்கினாள். என் கண் எதிரிலேயே அதைக் கோழி மேயும் தரையில் கொட்டினாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். உப்பைத் தரையில் கொட்டுகிறவளை அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. முன்பும் பேச்சில்லைதான். இது வேறு மாதிரி.

சித்திரையில் மழை பிடித்தது. நம் ஊரில் சித்திரையும் வைகாசியும் உப்பு விளைகிற மாசம். அங்கே தலைகீழாக அப்போதுதான் கொட்டித் தீர்க்கிறது. இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பி வந்த மேஸ்திரியை என்னவென்று சொல்வது! குவித்த உப்பெல்லாம் கரைய ஆரம்பித்தது. ஓலை போட்டு மூடுகிறேன் என்று பொழுதுக்கும் அளத்திலேயே கிடந்தார்.

வைகாசி பிறந்து சில நாள். விடிந்ததும் இவர் அளத்தின் கடைக்கோடிப் பாத்திக்குப் போய்விட்டார். ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிற ஓடையில் வெள்ளம். லாரி அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். நானும் இரண்டு பெண்களும் இந்தப் பக்கம். சோறு வடித்து முடித்தேன், பனிக்குடம் உடைந்துவிட்டது.

இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பெரியவளிடம் தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்றேன். அவள் அழுதாள். சின்னவளும் அழுதாள். வலி இடுப்பைப் பிளந்தது. நானும் வயிற்றுப் பிள்ளையும் இங்கேயே போய்ச் சேர வேண்டியதுதான் என்று பயந்தேன். என் உயிர் போனாலும் போகட்டும், இந்தப் பிள்ளைகளுக்குப் பாஷை தெரியாத ஊரில் யார் இருக்கிறார்கள்?

அம்மன் படத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "அடியே மாரி! உனக்குக் காது இருக்குதா இல்லையா? எத்தினி மாசமா கேக்குறேன்! ஒரு பொம்பளையை அனுப்ப உன்னால ஆகல, நீ எல்லாம் என்னா சாமி? வர்றியா, இல்ல படத்தைத் தூக்கி வெள்ளத்துல போடட்டுமா?" தொண்டை கிழியக் கத்தினேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தையும் மீறிக் கத்தினேன்.

கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஜைனபு நின்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது. நான் அவளைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துச் சண்டைக்கு வந்திருக்கிறாள்! வாயைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு மேல்துணியை இழுத்துச் சொருகினாள்.

அந்த வட்டாரத்துக்கே அவள்தான் மருத்துவச்சி என்பது எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே!

அவள் பாஷையில் அவள் என்னை அதட்டினாள். என் பாஷையில் நான் அவளைத் திட்டினேன். படு என்றால் எழுந்தேன், எழு என்றால் படுத்தேன். தொடையில் ஒரு அறை வைத்தாள். என் அம்மாகூட அப்படி அடித்ததில்லை. கடைசியில் குழந்தை வந்தது. சத்தம் இல்லை. கழுத்தில் கொடி சுற்றி, உடம்பு நீலமாக இருந்தது. ஜைனபு கொடியை எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். குழந்தையையும் அதட்டினாள். என்னை அதட்டிய அதே குரல். இன்னொரு தட்டு. வீல் என்று கத்தியது. பெண். ஜைனபு தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம்தான் எனக்கும் அழுகை வந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் நனைந்துகொண்டு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அளத்து ஆட்களிடம் பழகி அவருக்குக் கொஞ்சம் அந்தப் பாஷை வந்திருந்தது. பிறகு ஒரு நாள் அவரை விட்டு வெள்ளிக்கிழமை சங்கதியை விளக்கச் சொன்னேன். ஜைனபு முழுவதும் கேட்டாள். பைத்தியக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதற்கப்புறம் வேண்டுமென்றே விளக்கு வைக்கிற நேரம் பார்த்து வந்து உப்புக்குக் கையை நீட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும். இன்றைக்கும் விளக்கு வைத்தால் கொடுப்பதில்லை. அதனால் விளக்கேற்றும் முன்பே ஒரு கிண்ணம் அவள் வாசலில் வைத்துவிடுகிறேன்.

அங்கேயே வேரூன்றிவிட்டோம். மழைக்கு முன்பே உப்பை அள்ளிவிட என் வீட்டுக்காரர் கற்றுக்கொண்டார். என் பெண்கள் ஜைனபு வீட்டில்தான் பாதி நாள் சாப்பிடுகிறார்கள். ஊர்க்காரி ஒருத்தியைக் கொடு என்று நான் அப்புறம் கேட்கவே இல்லை.

உங்களுக்கும் மாரியிடம் கேட்க ஏதாவது இருக்கும். கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள், தப்பில்லை. யாரை அனுப்புவது என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

ஜைனபு கையில் பிறந்தவளுக்குக் காது குத்த இந்த ஆடியில் ஊருக்கு வந்திருக்கிறோம். அம்மன் கோயிலில் அர்ச்சனைக்கு எங்கள் பெயர்களைச் சொல்லிவிட்டு, ஜைனபு என்றும் சொன்னேன். பூசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நட்சத்திரம் சொல்லும்மா."

"தெரியாதுங்க."

"ராசி?"

"அதுவும் தெரியாதுங்க."

"ஒன்னுமே சொல்லாட்டி அம்மனுக்கு எப்படிம்மா ஆள் தெரியும்?"

"அனுப்பி வெச்சதே அவதானேங்க. அவளுக்கா ஆள் தெரியாது?"

பூசாரி தட்டை எடுத்தார். ஜைனபுவின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கற்பூரம் காட்டினார்.