நாற்பத்திரண்டாம் பக்கத்து இரட்டைச் சமக்குறி

அந்தப் பக்கத்தை எழுதியது நீங்கள்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை. தி.நகரில் புடவைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் நம் பயிற்சி மையம். அதன் முதலாளி நீங்கள், வாத்தியார் நான். ஜாவா புரோகிராமிங் புத்தகத்தின் அட்டையில் இருப்பதும் உங்கள் பெயர். நாற்பத்திரண்டாம் பக்கத்தில், நடுவில் கட்டம் போட்டு, ‘இரண்டு ஸ்ட்ரிங்குகள் (எழுத்துச் சரங்கள்) சமமா என்று பார்க்க == போடவும்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது தப்பு. தப்பு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வெட்கக்கேடு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜாவா சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி, தப்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் அன்றைக்கு வகுப்பில் புரோகிராம் ஓடிவிடும். காலேஜ் வாசலை நான் மிதித்ததில்லை. ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி விற்று, அடிபட்டு, ஏமாந்து, பேரம் பேசியே படித்தவன். கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். தனக்கே அரைகுறையாகத் தெரிந்ததை இருபது பேர் முன்னால் நின்று சத்தம் போட்டுச் சமாளித்த வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நானும் உங்கள் பெஞ்சுதான்.

இரண்டு பாஸ்புக்

அன்றைக்கு அர்ரே லிஸ்ட் வகுப்பு. பேட்சில் இருந்த எல்லார் பெயரையும் ஒரு பட்டியலில் போட்டேன். “இப்போ இதுக்கு ஒரு நகல் எடுக்கறேன் பாருங்க” என்று இன்னொரு பெயர் வைத்து, அதற்கும் பழையதற்கும் நடுவில் ஒரு சமக்குறி போட்டேன். பிறகு அந்த நகலைக் காலி செய்துவிட்டு, அசல் பத்திரமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக அசலைத் திரையில் அச்சிட்டேன். வெறும் அடைப்புக்குறி வந்தது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

முதல் பெஞ்சில் மயிலாப்பூர் மாமா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேங்கில் ஓய்வு பெற்று, பொழுதுபோக்குக்காக ஜாவா படிக்க வந்தவர். கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது அவர் கை மட்டும்தான். “கைய வெச்சீங்களா? யாரக் கேட்டு வெச்சீங்க?” என்று கத்தினேன். அறுபது தாண்டிய மனுஷன், எழுந்து நின்றுவிட்டார். அவர் எதையும் தொடவில்லை. ஜாவாவில் அப்படிச் சமக்குறி போட்டால் பட்டியல் இரண்டாவதில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். எதைக் காலி செய்தாலும் ஒன்றுதான் காலியாகும். நான் முழித்துக்கொண்டிருந்தபோது அவர் நோட்டில் ஏதோ கிறுக்கிப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “பாஸ்புக் ரெண்டுன்னா கணக்கும் ரெண்டுன்னு நெனச்சுண்டேளா சார்? பேங்க்ல இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே உங்களை ஆத்துக்கு அனுப்பியிருப்பா.”

முருகனின் டப்பா

காலி ஸ்ட்ரிங் வேறு, ‘நல்’ (null) வேறு. முன்னதில் ஸ்ட்ரிங் இருக்கிறது, உள்ளே எழுத்து இல்லை. பின்னதில் ஸ்ட்ரிங்கே இல்லை. நல்லைப் பிடித்து ‘உன் நீளம் எவ்வளவு’ என்று கேட்டால் புரோகிராம் செத்துவிழும். இதைச் சொல்ல அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவருக்கும் புரியவில்லை. மார்க்கரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் அப்பாவின் உதிரிபாகக் கடையைப் பார்த்துக்கொண்டே படிக்க வரும் முருகன், அந்த மார்க்கரைப் பொறுக்கி என் கையில் கொடுத்தபடி, “சார், டப்பா காலியா கீதுன்னா தொறந்து பாக்கலாம். டப்பாவே இல்லன்னா இன்னாத்த தொறக்கறது?” என்றான். வகுப்பு மொத்தமும் “ஓ!” என்றது.

அதற்குப் பிறகு மற்ற மூன்று பேட்சுக்கும் அந்த டப்பா உதாரணத்தைத்தான் சொன்னேன், நானே யோசித்தது மாதிரி. கைதட்டுகூட வாங்கினேன். ஒருநாள் உஸ்மான் ரோடு முனையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு தட்டு. முருகன். வேறு பேட்ச் பையன் ஒருவன் அவன் கடைக்கு வந்து என் பெருமையை அளந்திருக்கிறான். முருகன் கோபப்படவே இல்லை, சிரித்தான். அதுதான் தாங்கவில்லை. “நம்ம டப்பா நல்லா ஓடிக்கினு கீதாமே சார்?”

மூன்று மெஷின்

இனி செல்வி, மாமாவும் முருகனும் இருக்கிற அதே பேட்ச். கூவம் ஓரத்து வீட்டை இடித்து, பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குக் குடும்பத்தை மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. ஒரு வேலை கிடைத்தால் அம்மாவை நான்கு வீட்டுப் பாத்திரத்திலிருந்து விடுவிக்கலாம் என்பது அவள் கணக்கு.

இன்டிஜர், அதாவது முழு எண்ணைப் போட்டு வைக்கிற பெட்டி, பற்றிய பாடம். இரண்டு இன்டிஜரில் 127 போட்டு == வைத்துப் பார்த்தாள், சமம் என்றது. 128 போட்டாள், சமமில்லை என்றது. என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? “அந்த சிஸ்டம் பழசு. வேற மெஷின்ல போய் உக்காரு” என்று அதட்டினேன். போனாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

“மூணு மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன் சார். மூணும் பேசி வெச்சிக்கினு ஒரே பொய்ய சொல்லுமா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. சின்ன எண்களுக்கு ஜாவா முன்கூட்டியே பெட்டி செய்து வைத்திருக்கிறது. 127 என்று யார் கேட்டாலும் அதே பெட்டியைக் கொடுக்கும். 128-க்கு அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு முறையும் புதுப் பெட்டி. == என்பது ‘இரண்டும் ஒரே பெட்டியா’ என்றுதான் கேட்கிறது. உள்ளே இருப்பது சமமா என்று தெரிய வேண்டுமானால் ஈக்வல்ஸ் என்கிற கட்டளையைப் போட வேண்டும். ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். புரோகிராமுக்குள்ளேயே ஒரே சொல்லை இரண்டு முறை எழுதினால் ஒரே பெட்டி, அதனால் வகுப்பில் உங்கள் நாற்பத்திரண்டாம் பக்கம் எப்போதும் ஜெயித்தது. ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் வேறு பெட்டி, தோற்றுவிடும்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன். மேஜையில் ஓங்கித் தட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அசையவில்லை. சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த புத்தகக் கட்டுகளைக் காட்டினீர்கள். “இந்த ஸ்டாக் தீரட்டும், அடுத்த அச்சுல மாத்திக்கலாம். அதுவரைக்கும் கிளாஸ்ல புக்கை விட்டுக்கொடுத்துப் பேசாதே” என்றீர்கள். பிறகு, கேட்காமலே, “ஞாயிறு பேட்ச் வேணாம்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கியே, விட்டுடு” என்றீர்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். நான் ரிச்சி தெருக்காரன். சனிக்கிழமை சாயங்காலமும் லீவு வேண்டும் என்றேன். அதற்கும் சரி என்றீர்கள். மாடிப்படி இறங்கும்போது ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. பின்னாலேயே வந்தது உங்கள் குரல்: “உனக்குப் பேரம் பேசத் தெரியுதுய்யா, பொழச்சுக்குவே!”

படித்தேன் சார்

மறுநாள் வகுப்பில் அந்தப் பக்கம் வந்தது. “இது ஈஸி. நீங்களே படிச்சுக்கோங்க” என்று தாண்டிப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து செல்விக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன கம்பெனியில் இன்டர்வியூ. கடவுச்சொல்லை வாங்கி, சரியா என்று பார்க்கும் புரோகிராம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இருக்கிறபடி == போட்டு எழுதினாள். ஓடவிட்டாள். சரியான கடவுச்சொல்லைத் தட்டினாள், ‘தவறு’ என்று வந்தது. அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லியபடி மறுபடி அடித்தாள். தவறு. மூன்றாவது முறையும் தவறு. இன்டர்வியூ எடுத்தவர் யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க, பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் நல்ல மனுஷர். சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு முறை வா, இதைச் சரியாகப் படித்துக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார்.

நேராக என்னிடம் வந்தாள். கேட்டதும் நான் செய்த முதல் காரியம், எழுதவே கை கூசுகிறது, அவளைத் திட்டியதுதான். “ஈக்வல்ஸ் போடணும்னுகூடத் தெரியாதா? இவ்ளோ நாளா என்ன படிச்சே?” அவள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: “நீங்களே படிச்சுக்கோங்கன்னு சொன்னீங்களே சார். அதத்தான் படிச்சேன்.”

இருபத்திரண்டு பேர்

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் அறை, மேஜை, ஞாயிறு, சனிக்கிழமை சாயங்காலம், எதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த மாத இன்டர்வியூவுக்குத் தினமும் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லித்தருகிறேன் என்றேன். பெரிய மனசு காட்டுவதாக நினைப்பு. அப்போதும் பேரம்தான் பேசியிருக்கிறேன், பாருங்கள். அவள் என்னைப் பார்த்த பார்வையை உங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

“எங்க பேட்ச்ல இருபத்திரண்டு பேரு கீறோம் சார். எனக்கு மட்டும் சொல்லிக்குடுத்தா, மத்தவங்க எங்க போய் தோக்கறது?”

மறுநாள் காலை இருபத்திரண்டு பேரையும் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பேனாவால் குறுக்கே கோடு போடச் சொன்னேன். ஏன் என்று முருகன் கேட்டான். ஏன் என்பதையும் சொன்னேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், திட்டியிருந்தால் தேவலை. ஞாயிறு பேட்சை இந்த வாரத்திலிருந்து நானே எடுக்கிறேன், சனிக்கிழமை சாயங்கால லீவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செல்விக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மறு இன்டர்வியூ. எனக்குப் புரிந்தவரை சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆனால் கூரை வரை அடுக்கிய அந்தக் கட்டுகள் தினமும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி யார் யார் பைக்குள்ளோ போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களின் நம்பர் உங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நீங்களும் நானும் ஒரே ஆளா என்று == போட்டுக் கேட்டால் இல்லை என்றுதான் வரும், ஆனால் ஈக்வல்ஸ் போட்டால் இன்றுவரை சமம் என்றே வருகிறது, அந்த விடையை மாற்றுவதற்காவது அந்தப் பக்கத்தைத் திருத்தித் தொலையுங்கள்.